“படம் எப்படிண்ணா?” - பெங்களூர் டீக்கடையில் ஒரு தீர்ப்பு

காலை மணி 6.

பெங்களூர் அல்சூரில், கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு டீக்கடை. கடைக்காரர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இங்கே வந்து 30 ஆண்டு ஆகிறது. பாய்லரில் ஆவி பறக்கிறது. பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள்.

ஒரு பெயிண்டர் வருகிறார். தர்மபுரி மாவட்டத்துக்காரர். பிரஷ், பட்டித் தகடு எல்லாம் ஒரு சாக்குப் பையில். டீ கேட்பதற்கு முன்பே இதைக் கேட்கிறார்:

“படம் எப்படிண்ணா?”

எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்த படம் என்று எல்லோருக்கும் தெரியும்.

“யாருக்குப்பா? உனக்கா, குடும்பத்துக்கா?” என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர்.

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை போய்விடும்.

அந்தப் பெயிண்டருக்கு ஒரு நாள் கூலி 900 ரூபாய். வீட்டில் 4 பேர். மாலில் உள்ள தியேட்டருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு டிக்கெட் 300 ரூபாய்க்குக் குறையாது. பஸ் செலவு, இடைவேளையில் குழந்தைகள் கேட்கும் சோளப்பொரி எல்லாம் சேர்ந்தால் இரண்டு நாள் கூலி காலி! (சோளப்பொரியைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். டீ ஆறிவிடும்.)

கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் ஒரு விதி கொண்டு வந்தது. சிறிய சொகுசு அரங்குகள் நீங்கலாக, எந்தத் தியேட்டரிலும் வரி போக 200 ரூபாய்க்கு மேல் டிக்கெட் விற்கக் கூடாது என்பது அந்த விதி. பெயிண்டர் வீட்டில் அன்று ஒரே மகிழ்ச்சி. அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மகிழ்ச்சி இரண்டு வாரம் கூட நீடிக்கவில்லை.

ஆகவே, “படம் எப்படி?” என்பது இவருக்குப் பொழுது போகாத பேச்சு அல்ல. கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறோமே, அதைப் போன்றது.

நோட்டுப் புத்தகம்

இந்தக் கடையிலும், சிவாஜி நகர் பஸ் நிலையத்திலும், ஸ்ரீராமபுரத்திலும், கலாசிபாளையம் மார்க்கெட்டிலும் காதில் விழுந்த சினிமாப் பேச்சை நான் சில ஆண்டுகளாகக் குறித்து வைத்து வருகிறேன். பேசியவர்கள் யாரும் விமர்சகர்கள் அல்ல. உழைத்த காசில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். “என் சம்சாரத்துக்குத் தெரியாமல் போன படம் சார்” என்று ஒருவர் காரணமும் சொன்னார்!

முதலில், இவர்கள் மார்க் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

“தேவலாம்” என்றால் தூக்கம் வராது. “பரவாயில்லை” என்பது அதற்கு ஒரு படி கீழே. (இந்தச் சொல்லை நம் கன்னட நண்பர்களும் சற்றுத் திருத்தி அப்படியே சொல்வதால், பெங்களூரில் பாதித் தீர்ப்புகளுக்கு மொழிபெயர்ப்பே தேவை இல்லை.) “ஒரு தடவை பார்க்கலாம்” என்றால் அதைச் சொல்பவர் இரண்டாம் தடவை போக மாட்டார். “பாட்டு நல்லா இருக்கு” என்றால் கதை இல்லை. “முதல் பாதி நல்லா இருக்கு” என்றால் உங்களுக்கே புரியும். “வீட்டில் போனில் வரும்போது பார்த்துக்கலாம்” என்பதுதான் இந்தக் காலத்து மரண தண்டனை. ஒரு மாதம் பொறுத்தால் செல்போனிலேயே படம் வந்துவிடும்போது, தியேட்டருக்கு ஏன் போக வேண்டும் என்பது இதன் பொருள்.

“நல்லா இருக்கு” என்று வெறுமனே சொல்லிவிட்டு ஒருவர் பேசாமல் டீயைக் குடித்தால், அந்தப் படத்துக்கு அன்று மாலையே 4 பேர் போகிறார்கள். இதை நான் பல தடவை கண்டு இருக்கிறேன்.

18 நிமிடம்

ஒரு வங்கிக் குமாஸ்தா. ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருந்தது. கும்பகோணத்துக்காரர். தகப்பனார் காலத்து வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க முடியாமல் விற்றுவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஊருக்குப் போனது இல்லை.

2024 செப்டம்பர் 27-ந் தேதி “மெய்யழகன்” வந்தது. பிரேம்குமார் இயக்கிய படம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்து இருந்தார்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய ஒருவர், பல ஆண்டு கழித்து, தங்கைமுறைப் பெண்ணின் கலியாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். அங்கே ஒரு சொந்தக்காரர் அவர் மீது அன்பைக் கொட்டுகிறார். அவர் பெயர் என்ன என்று இவருக்கு நினைவு வரவில்லை. கதையே அவ்வளவுதான்!

குமாஸ்தா முதல் நாள் இரவுக் காட்சிக்குத் தனியாகப் போனார். மறுநாள் என்னிடம் அவர் சொன்னது:

“பழைய சைக்கிள் ஒன்று வருது சார். இவங்க ஊரை விட்டுப் போகும்போது விட்டுட்டுப் போன சைக்கிள். அதை வச்சுத்தான் அந்தக் குடும்பம் முன்னுக்கு வந்ததுன்னு சொல்றாங்க. நாங்களும் ஒரு சைக்கிளை விட்டுட்டுத்தான் வந்தோம். கொல்லையில் சாத்தி வச்சு இருந்தது. அதை யார் எடுத்தாங்கன்னு இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளும் நினைச்சது கிடையாது.”

அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனார். அதற்குள் படத்தில் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். “நீளம் அதிகம்” என்று பார்த்தவர்கள் பலர் சொன்னதுதான் காரணம்.

“எதை வெட்டினாங்கன்னு எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. விருந்துக்குப் போன இடத்துல, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளே இலையை எடுத்த மாதிரி இருந்தது” என்றார்.

அதே வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். வயது 26. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரும் படம் பார்த்து இருந்தார். அவருடைய கருத்து: “ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்க சார். 18 நிமிஷம் போதாது, இன்னும் எடுத்து இருக்கலாம்!”

கேண்டீனில் எல்லோரும் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை.

“உங்க அப்பாவுக்கு எந்த ஊரும்மா?” என்று கேட்டார்.

“ஆற்காடு பக்கம்னு சொல்வாங்க. கிராமத்தின் பேரு தெரியாது சார்.”

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னார், அன்று இரவு தன் தகப்பனாரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டதாக. அவர் ஊர்ப் பெயரில் தொடங்கி, ஏரி, ஏரிக்கரைப் புளியமரம், அதற்கு எதிரே இருந்த வீடு என்று இரவு 12 மணி வரை பேசினாராம். “படத்தை விட நீளம் சார்” என்றார் அந்தப் பெண்.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்டால், நான் குமாஸ்தா பக்கம்தான். ஆனால் படம் நீளம் என்பதும் பொய் இல்லை.

“இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்”

கலாசிபாளையம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் சொந்த ஊர். தாமிரபரணித் தண்ணீரில் வாழை விளையும் பூமி. சிறு வயதில் பள்ளிக்கூட விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போனவர்.

மாரி செல்வராஜ் இயக்கிய “வாழை” 2024 ஆகஸ்ட் 23-ந் தேதி வந்தது. அவர் தன் சிறு வயதில் கண்டதை வைத்து எடுத்த படம். தார் சுமக்கும் சிறுவர்களின் கதை. கூலியை உயர்த்திக் கேட்கிறார்கள் தொழிலாளர்கள். வியாபாரி கொடுக்கிறார். அந்தக் காசை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லாரியிலேயே அவர்களையும் மேலே ஏற்றி அனுப்புகிறார். லாரி கவிழ்கிறது.

நம் தொழிலாளி நண்பர்கள் 3 பேரோடு ஞாயிற்றுக்கிழமை போனார். மற்ற மூவரும் வட மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் படத்தில் வரும் ரஜினி - கமல் சண்டையை ரசித்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். இவர் மட்டும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

“தார் சுமந்தா மறுநாள் கழுத்து திரும்பாதுங்க. 30 வருஷம் ஆச்சு. படம் பார்க்கும்போது மறுபடி வலிச்சது” என்றார்.

“படம் எப்படி?” என்று கேட்டேன்.

“நல்ல படம். இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்.”

டீக்கடை மார்க்குகளில் இதற்கு இடம் இல்லை. “ஒரு தடவை பார்க்கலாம்” என்பதும் இதுவும் ஒன்று அல்ல!

ஊரில் இருக்கும் தன் அக்காளுக்குப் போன் செய்து, படத்தைப் பார்க்கச் சொல்லி இருக்கிறார். அந்த அம்மாளும் தார் சுமந்தவர்தான். “பட்டதைப் போய்ப் படமா வேற பார்க்கணுமாலே?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாராம்.

இஸ்திரிக்கார அம்மாள்

எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் ஒரு அம்மாள் இருக்கிறார். வேலூர்க்காரர். அவருடைய தீர்ப்புக்கு டீக்கடையில் தனி மரியாதை உண்டு. காரணம், அவர் எந்த நடிகருக்கும் ரசிகை அல்ல. “துணியில் கறை இருந்தா இருக்குன்னுதானே சொல்லணும்?” என்பார்.

2024 நவம்பர் 14-ந் தேதி “கங்குவா” வந்தபோது மகன் அவரை அழைத்துப் போனான். திரும்பி வந்தவர், “காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் பார்த்தேன். என்ன சத்தம்!” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் படத்தின் தயாரிப்பாளரே பிறகு, ஒலியை 2 புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். இஸ்திரிக்கார அம்மாள் சொன்னதைத்தான் எல்லா ஊரிலும் சொல்லி இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அவர் பாராட்டிய படம் “லப்பர் பந்து”. 2024 செப்டம்பரில் வந்தது. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் மோதிக்கொள்ளும் இரண்டு பேர், மாமனார் - மருமகனாக ஆக வேண்டிய கதை. தினேசும் ஹரிஷ் கல்யாணும் நடித்தார்கள். பெரிய விளம்பரம் இல்லாமல் வந்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஓடிய படம்.

“ஆம்பளைங்க எல்லாம் பந்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் அந்த யசோதையைப் பார்த்தேன்” என்றார் அந்த அம்மாள்.

யசோதை, கிரிக்கெட் பைத்தியத்தின் மனைவி. ஆத்திரத்தில் டிராக்டரை ஓட்டி வந்து ஆடுகளத்தையே உழுதுவிடுவார். “அந்த டிராக்டர் எனக்குக் கிடைச்சு இருந்தா, நான் சாராயக் கடையை உழுது இருப்பேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கணவர் எப்படி இறந்தார் என்று தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

இன்னொருவர் ஸ்ரீராமபுரத்தில் சலூன் வைத்து இருப்பவர். “மகாராஜா” படத்தைப் பற்றி அவர் பேசினால் நேரம் போவது தெரியாது. விஜய் சேதுபதியின் 50-வது படம். 2024 ஜூன் 14-ல் வந்தது. பிறகு சீனாவில் கூடத் திரையிட்டார்கள். அதில் கதாநாயகன் சலூன்காரர்.

“இத்தனை வருஷமா சினிமாவுல சலூன்காரன்னா சிரிப்புக் காட்டறதுக்குத்தான். முதல் தடவையா ஒரு சலூன்காரனைப் பார்த்து ஜனங்க கை தட்டினாங்க. கத்தி பிடிக்கிறது கூட ஓரளவு சரியாத்தான் இருந்தது!” என்றார்.

ஆனால் 14 வயது மகளை உடன் அழைத்துப் போனது தப்பாகிவிட்டது. பெண் குழந்தைக்கு நேரும் கொடுமையைச் சுற்றி அமைந்த கதை அது. “பாதியில் அவ தலையைக் குனிஞ்சவ நிமிரவே இல்லை. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. எழுந்து வந்துடலாம்னா, அதுவும் ஒரு மாதிரி இருந்தது” என்றார். அன்று முதல் கடைக்கு முடி வெட்ட வருபவர்களிடம் எல்லாம் இதையே சொன்னார்: “படம் பிரமாதம். பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீங்க.”

டீக்கடைக்காரர் “யாருக்கு?” என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

மொழி ஒரு தடை அல்ல

பழைய காலத்தைப் பற்றி அறிய, ஒரு பெரியவரிடம் பேசினேன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். செயின்ட் ஜான்ஸ் ரோட்டில் உள்ள லாவண்யா தியேட்டரில் அவர் பார்க்காத தமிழ்ப் படம் இல்லை.

“அப்போ எல்லாம் படத்தைப் பற்றிய சேதி ஷிப்ட் பஸ்ஸில்தான் வரும். இரவு ஷிப்ட் முடிந்து இறங்குபவன், காலை ஷிப்டுக்கு ஏறுபவனிடம் சொல்லிவிட்டுப் போவான். ஒரே வார்த்தைதான். பஸ் நிற்கிற நேரம் அவ்வளவுதான்” என்றார்.

1978-ல் பாலசந்தரின் “மரோ சரித்ரா” வந்தது. கமலஹாசன் நடித்த தெலுங்குப் படம். தமிழில் குரல் மாற்றாமல், தெலுங்கிலேயே சென்னையிலும் பெங்களூரிலும் ஓராண்டுக்கு மேல் ஓடியது. தெலுங்கு தெரியாத தன் தாயாரை அழைத்துப் போனாராம் பெரியவர். “பாஷை புரியலை. ஆனா அந்தப் பொண்ணோட அம்மா பண்றது தப்பு” என்று தாயார் தீர்ப்புச் சொன்னாராம்!

பெங்களூர்க்காரர்கள் எந்த மொழிப் படத்தையும் அந்த மொழியிலேயே பார்த்துப் பழகியவர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கன்னடத்தில் குரல் மாற்றிய படங்களுக்குப் பல பத்து ஆண்டுகள் இங்கே இடம் இல்லை. கன்னடத் திரை உலகம் அதை எதிர்த்தது. 2015-ல் மத்திய போட்டி ஆணையம் அந்தக் கட்டுப்பாடு தவறு என்று சொன்ன பிறகே நிலைமை மாறியது. அதனால்தான், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத கன்னடத் தொழிலாளி ஒருவர் ரஜினி படத்து வசனத்தை அட்சரம் பிசகாமல் சொல்வதை இங்கே கேட்க முடிகிறது.

2004-ல் வேறு ஒரு சோதனை வந்தது. பிற மொழிப் படங்கள், மற்ற இடங்களில் வெளியாகி 7 வாரம் கழித்தே கர்நாடகத்தில் வர வேண்டும் என்று கன்னடத் திரை உலகத்தினர் முடிவு செய்தார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் மைத்துனன் படம் பார்த்துவிட்டுப் போனில் கதையைச் சொல்லிவிடுவான். இங்கே இருப்பவர்கள் காத்து இருக்க வேண்டும். “அந்த நாளில் என் மைத்துனன் ரொம்ப ஆட்டம் போட்டான்” என்று பெரியவர் இன்றைக்கும் கோபப்படுகிறார்.

ஓசூர் பஸ்

அவருக்கு 7 வாரம் என்றால், இந்தத் தலைமுறைக்கு ஓசூர்.

2025 ஜூன் 5-ந் தேதி கமலஹாசனின் “தக் லைப்” எல்லா இடத்திலும் வந்தது. கர்நாடகத்தில் வரவில்லை. கன்னட மொழி தமிழில் இருந்து பிறந்தது என்று கமல் பேசியதுதான் காரணம். எதிர்ப்புக் கிளம்பியது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. தணிக்கைச் சான்று பெற்ற படத்தை மிரட்டித் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் படத்தின் காலம் முடிந்துவிட்டது.

அல்சூரில் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர், 4 நண்பர்களோடு முதல் நாளே ஓசூருக்குப் பஸ் ஏறினார். ஒரு நாள் சம்பளம் போயிற்று. எல்லையைத் தாண்டி, வரிசையில் நின்று, படத்தைப் பார்த்துவிட்டு இரவு 11 மணிக்குத் திரும்பினார்.

மறுநாள் டீக்கடையில் கூட்டம். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு மடக்கு டீ குடித்தார்.

“ஓசூர் பஸ்ஸில் நல்ல சீட் கிடைச்சுது” என்றார்.

அவ்வளவுதான் விமர்சனம்!

கமலுக்காகச் சண்டை போடத் தயாராக இருந்தவர்தான் அவர். படம் பிடிக்கவில்லை என்று வெளியே சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. “இங்கே நிலைமை அப்படி இருக்கும்போது, நாமே போய் நல்லா இல்லைன்னு எப்படிண்ணா சொல்றது?” என்று கேட்டார். அது நியாயமான சங்கடம்தான். வெளி மாநிலத்தில் இருப்பவனுக்கு மட்டுமே வருகிற சங்கடம்.

அதற்கு 2 ஆண்டு முன்னால், 2023 ஆகஸ்டில், இதே ஊரில் “ஜெயிலர்” ஓடியது. ரஜினி படத்தில் கன்னட நடிகர் சிவராஜ்குமார் சிறிது நேரமே வருவார். அவர் திரையில் தோன்றியபோது தியேட்டர் இடிந்துவிடும் போல இருந்தது. கத்தியவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். ரஜினி வந்தபோது கத்தியவர்களில் பாதிப்பேர் கன்னடர்கள். படம் விட்டதும் எல்லோரும் ஒரே கடையில் டீ குடித்தார்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். 2025 மே 1-ந் தேதி வந்த “டூரிஸ்ட் பேமிலி” படத்தில், பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் இருந்து வரும் ஒரு தமிழ்க் குடும்பம் சென்னையில் குடியேறுகிறது. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் யாரிடமும் வாய் திறக்காதீர்கள் என்று உறவினர் எச்சரிக்கிறார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள்.

“எனக்குச் சிரிப்பு வரலைங்க. 2016-ல் காவிரிக் கலவரம் நடந்தப்போ, பஸ்ஸில் போன் வந்தாக் கூட எடுக்காதேன்னு எங்க அண்ணன் சொல்லி அனுப்புவார்” என்றார் அந்தப் பெண்.

அவரோடு படம் பார்க்க வந்தவர், பக்கத்து மிஷினில் தைக்கும் கன்னடப் பெண். அந்த 2016 செப்டம்பரில் இவரை வீடு வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். படம் முடிந்ததும் இரண்டு பேரும் அழுது இருக்கிறார்கள். “அவளுக்கு எதுக்கு அழுகை வந்ததுன்னு நான் கேட்கலை” என்றார்.

மைக்கும் டீயும்

இப்போது படம் விட்டு வெளியே வந்தால் மைக்கை நீட்டுகிறார்கள். யூடியூப்காரர்கள்! நீங்களும் பார்த்து இருப்பீர்கள். ஒருவர் “வேற லெவல்” என்று குதிக்கிறார். இன்னொருவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

2024-ல் “இந்தியன் 2”, “கங்குவா” போன்ற பெரிய படங்கள் அடி வாங்கின. “இந்தியன் 2” வந்த சில நாளில் 12 நிமிடத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. அந்த நவம்பரில் தயாரிப்பாளர் சங்கத்தினர், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வந்து 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சொல்வது உரிமை என்பதால் அப்படித் தடை போட முடியாது என்று டிசம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தயாரிப்பாளரின் கஷ்டம் புரிகிறது. கோடிக்கணக்கில் கடன் வாங்கி எடுத்த படத்தை, பாதி பார்த்தவன் திட்டினால் வயிறு எரியத்தான் செய்யும். மைக்கைக் கண்டதும் சிலருக்கு வாயில் வரக்கூடாதது எல்லாம் வருகிறது. நடிகரின் குடும்பத்தை இழுப்பது, உடலைக் கேலி செய்வது எல்லாம் கருத்து ஆகாது. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் 3 நாள் பேசாதே என்றால், நம் பெயிண்டருக்கு யார் பதில் சொல்வது? அவருக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. அது படம் வந்த 3-வது நாள்! யாரையும் கேட்காமல் இரண்டு நாள் கூலியை அவர் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

யூடியூப் மைக்கை விட டீக்கடையை அவர் நம்புவதற்கும் காரணம் இருக்கிறது. மைக்கில் பேசுகிறவரை மறுபடி பார்க்கப் போவது இல்லை. டீக்கடையில் பொய் சொன்னவர் மறுநாளும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும்!

யார் சொன்னது?

அன்று காலை கடைக்காரர் பெயிண்டருக்குச் சொன்ன பதிலை இன்னும் நான் எழுதவில்லை.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடைக்காரர் 2008-ல் “தசாவதாரம்” பார்த்தவர்தான். அதன் பிறகு தியேட்டர் பக்கம் போனதே இல்லை. காலை நாலரைக்குக் கடை திறந்தால் இரவு 9 மணி வரை நிற்க வேண்டும். ஆனாலும் எல்லாப் படத்தையும் பற்றி அவரைத்தான் கேட்கிறார்கள். ஒரு படத்தைப் பற்றி 30 பேர் சொல்வதை அவர் கேட்டு வைத்து இருக்கிறார். கேட்டதை அப்படியே ஒப்பிக்கவும் மாட்டார்.

“மேஸ்திரி நல்லா இருக்குன்னா பாதியைக் கழிக்கணும். ரசிகர் மன்றத்துப் பையன் சொன்னா முழுசையும் கழிக்கணும். கட்டிட வேலைக்குப் போற பொம்பளைங்க தூங்கிட்டேன்னு சொன்னா, அது படத்தோட குத்தமா, அசதியான்னு பார்க்கணும். இஸ்திரிக்கார அம்மா சொன்னா அப்படியே எடுத்துக்கலாம்” என்று ஒரு நாள் தன் கணக்கை எனக்கு விளக்கினார்.

அன்று அவர் பெயிண்டரிடம், “தனியாப் போறதுன்னா போ. பசங்களோடன்னா வேணாம். வெட்டு, குத்து அதிகமாம். இஸ்திரிக்கார அம்மா பாதியில் கண்ணை மூடிக்கிச்சாம்” என்றார்.

பெயிண்டர் யோசித்தார்.

“போன வாரம் வந்ததே, அந்தச் சின்னப் படம்?”

“அது நல்லா இருக்கு.”

“யார் சொன்னாங்க?”

“ரெண்டாம் நம்பர் சந்துல வாட்ச்மேன் இருக்காரே, அவரு சொன்னாரு. தன் காசுல போனாரு. மறுநாள் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுப் போனாரு.”

பெயிண்டர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்தார். சாக்குப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்போ ஞாயிற்றுக்கிழமை அதுக்கே 4 டிக்கெட் எடுத்துடறேன். நீங்களும் வாங்களேண்ணா.”

“கடையை யாருப்பா பார்க்கறது? போயிட்டு வந்து சொல்லு” என்றார் கடைக்காரர்.